தையல் மெஷின் வாங்குவதற்கு முன்: திருகோணமலைக் கிராமங்களில் பெண்களோடு வேலை தொடங்குகிறவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

மூதூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் பொதுநோக்கு மண்டபத்தில் ஆறு தையல் மெஷின்கள் பொலித்தீன் போர்த்தியபடி கிடந்ததை ஒருநாள் பார்த்தேன். வெளிநாட்டிலிருக்கும் நல்ல மனிதர்கள் காசு சேர்த்து அனுப்பியவை. மூன்று மாத வகுப்புக்கு 22 பெண்கள் பெயர் கொடுத்தார்கள், முடிவில் ஏழு பேர் மிஞ்சினார்கள். ஏன் நின்றீர்கள் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டோம். செவ்வாய்க்கிழமை லோன்காரர் காசு வாங்க வருவார், அன்றைக்கு வீட்டில் நிற்காவிட்டால் பிரச்சினை என்றார் ஒருவர். கைக்குழந்தையைப் பார்க்க ஆளில்லை என்றார் இன்னொருவர். பஸ் இரண்டு மணிக்குப் போய்விட்டால் அடுத்தது இருட்டிய பிறகுதான் என்றார்கள் மூன்று பேர். வகுப்பில் இருந்தபடியே மயங்கி விழுந்த ஒரு தங்கச்சிக்குப் பிறகு இரத்தம் பார்த்தபோது ஹீமோகுளோபின் 7.8.

இதில் ஒரு காரணமாவது தையலைப் பற்றியதா? அந்த மண்டபத்தில் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன். மாதர் சங்கம் நடத்துகிறவர்கள், பழைய மாணவர் சங்கங்கள், ஊருக்குக் காசு அனுப்புகிறவர்கள், இந்த வேலையில் புதிதாக இறங்கும் இளம் பிள்ளைகள் எல்லோருக்கும் இது உதவும். படிகளின் வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். பயிற்சி இதில் ஆறாவது படியாக வருவதற்குக் காரணம் இருக்கிறது.

முதலாம் படி: நேற்றைய நாளைக் கேளுங்கள்

ஒரு கிராமத்தில் 15 முதல் 20 பெண்களோடு தொடங்குங்கள். அதைவிடக் கூடினால் ஒவ்வொருவரையும் முகம் தெரிந்து கவனிக்க முடியாது. முதலில் விதானையார் என்று சொல்லும் கிராம உத்தியோகத்தரையும், பிரதேச செயலகத்தின் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தரையும், குடும்பநல உத்தியோகத்தரையும் சந்தியுங்கள். மூவரிலும், மிட்வைஃப் மிஸ் என்று நாங்கள் கூப்பிடும் குடும்பநல உத்தியோகத்தருக்குத்தான் வீடுகளின் உள்நிலை நன்றாகத் தெரியும். எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை, எந்த வீட்டில் பிள்ளை நிறை குறைந்திருக்கிறது என்று கொப்பி பார்க்காமலே சொல்வார்.

அப்புறம் வீடுகளுக்குப் போங்கள். “உங்களுக்கு என்ன தேவை?” என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால், நீங்கள் எதைக் கொண்டு வந்திருப்பீர்கள் என்று அவர் நினைக்கிறாரோ அதையே பதிலாகச் சொல்வார். “அக்கா, நேற்று விடிந்ததிலிருந்து படுக்கும் வரைக்கும் என்னென்ன செய்தீர்கள்?” என்று கேளுங்கள். முஸ்லிம் வீடென்றால் ராத்தா என்று கூப்பிட்டுக் கேளுங்கள். நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் வெங்காயத் தோட்டக் கூலிக்குப் போகிறவரின் நாள் ஒரு மாதிரி, கிண்ணியாவில் குடாவில் இறங்கி மட்டி பொறுக்குகிறவரின் நாள் வேறு மாதிரி. வெருகல், மூதூர்ப் பக்கத்தில் கரையோர வேடர் சமூகத்துப் பெண்களின் நாளில் காடும் ஆறும் வரும். அந்த நாளுக்குள் எந்த இரண்டு மணித்தியாலம் அவருக்குச் சொந்தம் என்று தெரிந்த பிறகுதான் வகுப்பு நேரத்தைப் பற்றி யோசிக்கலாம்.

இரண்டாம் படி: கடதாசிப் பை

எங்கள் பெண்கள் பலரின் வீட்டில் ஒரு பொலித்தீன் பை இருக்கும். கூரைக் கம்பியில் தொங்கும், அல்லது அலுமாரியில் சேலைக்கு அடியில் இருக்கும். மழை வந்தாலும் ஓட வேண்டி வந்தாலும் முதலில் கையில் எடுப்பது அதைத்தான். அந்தப் பையைத் திறந்து காட்டும் அளவுக்கு அவர் உங்களை நம்பினால், வேலை தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, திருமணப் பதிவு, கணவர் இறந்திருந்தால் மரணச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், காணிப் பத்திரம், கிளினிக் கொப்பி, பிள்ளைகளின் சான்றிதழ்கள் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். எது இருக்கிறது, எது இல்லை, எதில் பெயர் எழுத்து மாறியிருக்கிறது என்று ஒரு தாளில் குறியுங்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியில் போனவை உண்டு. 2006இல் சம்பூர்ப் பக்கத்திலிருந்து ஓடியபோது விட்டு வந்தவை உண்டு. ஒரே பெண்ணின் பெயர் மூன்று கடதாசியில் மூன்று விதமாக இருப்பதை அடிக்கடி பார்ப்பீர்கள்.

பதிந்த பிறப்பின் பிரதியை பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் கேட்கலாம். பிறப்பு பதியப்படவேயில்லை என்றால் காலங்கடந்த பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு வழியே இல்லாதவர்களுக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் இருக்கிறது. அடையாள அட்டை விண்ணப்பம் விதானையார் வழியாகப் போகும், 15 வயது நிரம்பியதும் போடலாம். படிவம் தமிழில் தாருங்கள் என்று கேட்பது உங்கள் உரிமை, கேட்கத் தயங்க வேண்டாம்.

கணவரைத் தேடிக்கொண்டிருக்கும் பெண்களிடம் மரணச் சான்றிதழ் எடுக்கச் சொல்லாதீர்கள். சொன்னவுடன் அவர் முகம் மாறுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். 2016இல் வந்த சட்டத்திருத்தத்தின்படி, ஆளைக் காணவில்லை என்று உறுதிப்படுத்தும் சான்றிதழ் ஒன்று எடுக்கலாம். அதைக் கொண்டு வங்கி, காணி, உதவிப்பண அலுவல்களை ஓரளவு பார்க்க முடியும். எடுப்பதா வேண்டாமா என்பதை அவரே முடிவு செய்யட்டும்.

காணியைப் பற்றி ஒரு விஷயம். கிழக்கில் தாய் வீட்டை மகளுக்குக் கொடுப்பது பழைய வழக்கம், தமிழர்களிடமும் முஸ்லிம்களிடமும் இருக்கிறது. ஆனால் அரச காணிக்குப் பேமிட் (அனுமதிப்பத்திரம்) கொடுக்கும்போது “குடும்பத் தலைவர்” என்று கணவரின் பெயரைப் போட்டுவிடுவார்கள். காணி அபிவிருத்திச் சட்டத்தில் வாரிசுரிமை மூத்த ஆண்பிள்ளைக்கு முதலில் போகும் முறை 2022 வரை இருந்தது, அந்த ஆண்டுத் திருத்தத்தில்தான் ஆண், பெண் வேறுபாட்டை நீக்கினார்கள். ஆகவே பேமிட்டில் யார் பெயர், அவருக்குப் பிறகு காணியைப் பெறும் பின்னுரித்தாளியாக யார் பதியப்பட்டிருக்கிறார் என்று கட்டாயம் பாருங்கள்.

கடதாசி ஏன் இவ்வளவு முக்கியம் என்று யாராவது கேட்டால், மூதூர் ரிசானா நபீக்கை நினைக்கச் சொல்லுங்கள். 2005இல் வீட்டுப் பணிப்பெண்ணாக சவூதிக்குப் போனபோது அவருக்கு 17 வயது. கடவுச்சீட்டில் பிறந்த ஆண்டு 1982 என்று இருந்தது, பிறப்புச் சான்றிதழில் 1988. அவருடைய பொறுப்பிலிருந்த கைக்குழந்தையின் இறப்புக்காக 2013 ஜனவரி 9 அன்று மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. நம் மாவட்டத்தில் வெளிநாடு போக நினைக்கும் ஒவ்வொரு பெண்ணின் வீட்டிலும் உட்கார்ந்து சொல்ல வேண்டியது இது: வயதை மாற்றி எழுத யாரையும் விடாதீர்கள், வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதியாமல் போகாதீர்கள், கடவுச்சீட்டு, ஒப்பந்தம் இரண்டின் பிரதியையும் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

மூன்றாம் படி: உடம்பு

“களைப்பா இருக்கு” என்று ஒரு பெண் சொன்னால் அதைச் சாதாரணமாக விடாதீர்கள். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழே போனால் இரத்தச்சோகை, கர்ப்பிணிக்கு 11க்குக் கீழே. கர்ப்பமில்லாதவருக்கு 8க்குக் கீழே போனால் கடுமையான நிலை. அந்த நிலையில் மூன்று மணித்தியாலம் குனிந்திருந்து தைக்கச் சொல்வது கொடுமை.

நான் சொல்வது, பயிற்சிக்கு ஆள் சேர்ப்பதற்கு முன்பே எல்லோரையும் ஒரு நாள் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குக் கூட்டிப்போங்கள். மிட்வைஃப் மிஸ்ஸிடம் கேட்டால் வெல் வுமன் கிளினிக் நாளைச் சொல்வார். நாடு முழுக்க 1996 முதல் நடக்கும் இலவச கிளினிக் அது. பிரஷர், சீனி, நிறை பார்ப்பார்கள், மார்பகத்தைப் பரிசோதிப்பார்கள், கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான சோதனையும் செய்வார்கள். 35 வயதிலும் 45 வயதிலும் கட்டாயம் போக வேண்டும். வருத்தம் ஒன்றும் இல்லாதபோது போவதற்கான இடம் அது என்பதை நம் பெண்களுக்குச் சொல்லிப் பழக்க வேண்டும். தனியே போகக் கூச்சப்படுவார்கள். ஆறு பேர் ஒரே ஓட்டோவில், இல்லாவிட்டால் ஒரே பஸ்ஸில் போனால் சிரித்துக்கொண்டு போய் வருவார்கள். கூட்டத்தில் ஏற்கெனவே போய் வந்த ஒருவர் இருந்தால், என்ன செய்வார்கள், எவ்வளவு நேரம் எடுக்கும் என்று அவரே சொல்லட்டும். நாங்கள் பத்துத் தரம் சொல்வதைவிட அவர் ஒரு தரம் சொல்வது எடுபடும்.

இரும்புச்சத்து மாத்திரையைக் கொடுத்தால் பாதிப்பேர் குடிப்பதில்லை. மலம் கறுப்பாகப் போகிறது என்று பயந்து நிறுத்துகிறார்கள். அது வழமையானது, பயப்பட ஒன்றுமில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தேத்தண்ணியோடு மாத்திரை குடித்தால் சத்து உடம்பில் சரியாகச் சேராது. சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் இடையில் ஒரு மணித்தியாலமாவது விடச் சொல்லுங்கள். முருங்கையிலைச் சுண்டலில் தேசிக்காய் பிழிந்து சாப்பிடுவது நல்லது, நெத்தலியும் நல்லது. முக்கியமாக, வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவருக்கு மீன் துண்டு மிஞ்சுகிறதா என்று கேளுங்கள். சட்டியில் குழம்பு மட்டும் இருந்தது என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். இதை வீட்டு ஆண்களும் இருக்கும்போது பேசுங்கள்.

ஆறாம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்கு 2017 முதல் பாடசாலையிலேயே எச்.பி.வி. தடுப்பூசி போடுகிறார்கள். பிள்ளை பெறுவதைத் தடுக்கும் ஊசி என்று ஊரில் கதை உலாவினால், அது கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி என்று தாய்மாருக்கு விளங்கப்படுத்துங்கள். இடையில் பாடசாலையை விட்ட பிள்ளைகளுக்கு அது தவறியிருக்கும், மிட்வைஃப் மிஸ்ஸிடம் சொல்லி வையுங்கள்.

நித்திரை வராமல், சாப்பிட மனமில்லாமல், யாரோடும் கதைக்காமல் இருக்கிறவர்களைக் கவனியுங்கள். போர், சுனாமி, கடன் என்று எல்லாவற்றையும் ஒரே உடம்பில் தாங்கியவர்கள் அவர்கள். மனநல உதவிக்கு 1926, அம்புலன்சுக்கு 1990. இரண்டும் இலவசம்.

நான்காம் படி: கடன்

கடனைத் தொடாமல் தொழில் தொடங்கிக் கொடுத்தால், வருகிற காசு நேராக லோன் கொப்பிக்குள் போய்விடும். ஒரு பெண்ணுக்கு நாலு கம்பனியில் லோன் இருப்பது புதிய விஷயமில்லை, ஒன்றைக் கட்ட இன்னொன்று எடுத்தவை. 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில், ஒரு இலட்சத்துக்கு உட்பட்ட நுண்கடனைக் கட்ட முடியாமல் இருந்த பெண்களுக்கு அரசாங்கமே நிவாரணம் அறிவிக்க வேண்டி வந்தது. அந்தளவுக்குப் போயிருந்தது நிலைமை.

கொப்பிகள் எல்லாவற்றையும் தரையில் விரித்து, கணக்கைச் சேர்ந்து பாருங்கள். ஒரு உதாரணம். 50,000 ரூபாய் எடுத்து, கிழமைக்கு 1,250 படி 52 கிழமை கட்டினால் மொத்தம் 65,000. வட்டி 30 வீதம்தானே என்பார்கள். ஆனால் அந்த 50,000 வருடம் முழுக்க அவர் கையில் இல்லை, முதல் கிழமையிலிருந்தே திருப்பிக் கட்டிக்கொண்டு வருகிறார். கையிலிருக்கும் மிச்சத்துக்குக் கணக்குப் பார்த்தால் உண்மையான வட்டி 50 வீதத்தைத் தாண்டும். இதைத் தாளில் போட்டுக் காட்டியபோது ஒரு அக்கா நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அப்ப நான் பிழையா செலவழிக்கேல்லத்தானே?” என்று கேட்டார். அத்தனை வருடமும் குறை தன்னில்தான் என்று நினைத்திருந்தார்.

செய்ய வேண்டியது: புதிய லோன் எடுப்பதை நிறுத்துவது. அதிக வட்டியுள்ளதை முதலில் முடிப்பது. தவணையை நீட்டித் தரும்படி கம்பனியிடம் எழுத்தில் கேட்பது, அதற்குக் குழுவாகப் போவது. மிரட்டினால், இரவில் வீட்டுக்கு வந்தால் பொலிசில் முறையிடுவது. கிழமைக்கு ஐம்பதோ நூறோ போட்டு குழுச் சேமிப்பு ஒன்றைத் தொடங்குவது. சீட்டுப் பிடித்துப் பழகிய ஊர் நம்முடையது, ஆகவே இதை யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. பெட்டி ஒருவர் வீட்டில், திறப்பு இன்னொருவர் வீட்டில், கொப்பி மூன்றாமவரிடம். அவசரத்துக்கு 5,000 அந்தப் பெட்டியிலிருந்து கிடைத்தால் லோன்காரரைத் தேட வேண்டி வராது.

ஐந்தாம் படி: படிப்பு

தாயையும் பிள்ளையையும் சேர்த்தே யோசியுங்கள். 16 வயது வரை பாடசாலை கட்டாயம். விட்ட பிள்ளை இருந்தால் வலயக் கல்விப் பணிமனையின் முறைசாராக் கல்விப் பிரிவில் கதையுங்கள். நம் மாவட்டத்தில் பிள்ளை ஏன் விடுகிறது என்று பார்த்தால் பல வேளைகளில் காரணம் தூரம். 2021 நவம்பர் 23 அன்று கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் படகுப் பாதை (ஆட்களை ஏற்றிக் கரை கடக்கும் மிதவை) கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகள் இறந்தார்கள். அந்தக் காலைப்பொழுதுக்குப் பிறகு, பிள்ளையை அனுப்பப் பயமாக இருக்கிறது என்று ஒரு தாய் சொன்னால் அதைச் சாட்டு என்று சொல்ல எனக்கு வாய் வராது. கூட்டாக ஒரு ஓட்டோ பிடித்துக் கொடுப்பது, சைக்கிள் வாங்கிக் கொடுப்பது, துணைக்கு ஒருவர் போவது எல்லாம் கல்விச் செலவில்தான் சேரும்.

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையைத் தவறவிட்ட பெண்கள் எந்த வயதிலும் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதலாம். எல்லாப் பாடத்தையும் ஒரே தடவையில் எழுதச் சொல்லிப் பயமுறுத்தாதீர்கள். தமிழும் கணிதமும் முதலில் போதும். எழுத்தே தெரியாத அம்மாமாருக்கு அ, ஆ என்று தொடங்காதீர்கள். அவருடைய பெயர், பிள்ளையின் பெயர், பஸ் பலகையில் இருக்கும் ஊர்ப்பெயர்கள், மருந்துப் பக்கற்றில் காலை, மாலை என்று எழுதியிருப்பது, வங்கியில் காசு எடுக்கும் துண்டு, இவைதான் பாடப்புத்தகம். பெருவிரல் அடையாளம் வைத்துப் பழகிய ஒரு ஆச்சி, உதவிப்பணம் எடுக்கும் துண்டில் தன் கையெழுத்தை முதன்முதலாக வைத்தார். வங்கிப் பிள்ளை, “வடிவா இருக்கு அம்மம்மா” என்றதும், அந்தத் துண்டைத் திருப்பித் தருவாயா என்று கேட்டார்.

ஆறாம் படி: கைத்தொழில்

இப்போதுதான் பயிற்சி. எதைப் பயிற்றுவது என்பதற்கு, ஏற்கெனவே என்ன தெரியும், அதை வாங்க ஆள் எங்கே இருக்கிறார், எந்த மாதத்தில் இருக்கிறார் என்று மூன்று கேள்விகள் போதும்.

மாதம் இங்கே பெரிய விஷயம். உப்புவெளி, நிலாவெளியில் வெள்ளைக்காரர் வருவது சித்திரை, வைகாசியிலிருந்து புரட்டாதி வரைக்கும். அந்த ஆறு மாதமும் சமையல், உடுப்புத் தோய்ப்பு, அறை துப்புரவு, பனையோலைப் பொருட்கள் எல்லாவற்றுக்கும் கிராக்கி உண்டு. கார்த்திகையில் மாரி பிடித்தால் கடலும் கொந்தளிக்கும், வெயிலும் இல்லை, கருவாடு காயப்போட முடியாது. ஆகவே ஒரு பெண்ணுக்கு ஒரு தொழில் போதாது. கச்சான் காற்று வீசும் வெயில் காலத்துக்குக் கருவாடு என்றால் மாரிக்குத் தையலோ மாவிடிப்போ வைத்துக்கொள்ளட்டும்.

அரசாங்கத்தின் தொழிற்பயிற்சி அதிகாரசபையும், நைட்டா என்று சொல்லும் தொழிற்பயிலுநர் அதிகாரசபையும் பயிற்சி நடத்துகின்றன. சேருமுன் பாடநெறிக்கு என்.வி.கியூ. என்னும் தேசிய தொழிற்தகைமைத் தரம் இருக்கிறதா என்று கேளுங்கள். மூன்றாம், நாலாம் தரச் சான்றிதழ் கையில் இருந்தால் நாட்டின் எந்த மூலையிலும் செல்லும். ஐந்தும் ஆறும் டிப்ளோமா. தனியார் வகுப்புகள் தரும் பளபளப்பான சான்றிதழ்கள் பல இந்தப் பட்டியலில் இல்லை.

பலருக்குத் தெரியாத வழி ஒன்றும் இருக்கிறது. 20 வருடமாகத் தைக்கிறவர், கல்யாண வீடுகளுக்குச் சமைக்கிறவர், வகுப்புக்கே போகாமல் அந்தச் சான்றிதழை எடுக்கலாம். முன்பே கற்ற திறமையை அங்கீகரிக்கும் முறை அது. செய்த வேலைகளின் படம், வாடிக்கையாளரின் கடிதம் எல்லாவற்றையும் ஒரு கோவையாக்கிக் கொடுத்தால், பரிசோதகர் செய்துகாட்டச் சொல்லிப் பார்த்துத் தரம் தருவார். குழுவில் முதலில் தேட வேண்டியது இப்படிப்பட்டவர்களைத்தான். சான்றிதழ் கிடைத்ததும் அவரே மற்றவர்களுக்கு ஆசிரியை ஆகலாம்.

வகுப்பு நேரத்தை முதலாம் படியில் எழுதிய நாள் கணக்கைப் பார்த்து வையுங்கள். பிள்ளைகளைப் பார்க்க அதே மண்டபத்தில் ஒரு பாயும், ஒரு ஆச்சியும், ஆச்சிக்கு ஒரு சிறு கொடுப்பனவும் வேண்டும். லோன்காரர் வருகிற நாளில் வகுப்பு வைக்காதீர்கள். பஸ் காசை முன்கூட்டியே கையில் கொடுங்கள்.

ஏழாம் படி: விலை

விலை போடத் தெரியாமல்தான் நம் பெண்கள் அதிகம் இழக்கிறார்கள். கருவாடு போடும் ஒருவரோடு உட்கார்ந்து பார்த்த கணக்கு இது. 12 கிலோ சாளை, கிலோ 400 படி 4,800. உப்பு 300. ஓட்டோ 500. பக்கற்றும் லேபலும் 300. மொத்தம் 5,900. காய்ந்து வந்தது நாலு கிலோ. கிலோ 1,500 என்று யாவாரிக்குக் கொடுத்தார், கிடைத்தது 6,000. இரண்டு நாள் வெயிலில் நின்றதற்கு மிச்சம் 100 ரூபாய்.

அவருடைய கூலியை நாளுக்கு 1,500 என்று சேர்த்தால் கிலோ 2,225க்குக் கீழே விற்கவே கூடாது. அதற்கு என்ன செய்தோம்? மணலில் காயப்போடுவதை விட்டுவிட்டு, இடுப்பளவு உயரத்தில் வலை கட்டிய தட்டியில் போட்டோம். மண் ஒட்டவில்லை, புழுவும் குறைந்தது. 200 கிராம் பக்கற்றாக்கி, நிறை, விலை, செய்த திகதி, முடியும் திகதி எழுதி, திருகோணமலை டவுன் கடைகளுக்கு நேரடியாகக் கொடுத்தோம். மீன் மலிந்து விலை விழும் நாளில் மட்டும் வாங்கினோம். பொதுச் சுகாதாரப் பரிசோதகரை நாங்களே கூப்பிட்டு இடத்தைக் காட்டினோம். அவர் சொன்ன இரண்டு திருத்தத்தைச் செய்த பிறகு கடைக்காரரும் நம்பி வாங்கினார். பிரதேச செயலகத்தில் வணிகப் பெயரைப் பெண்ணின் பெயரிலேயே பதியுங்கள், வங்கிக் கணக்கும் அவர் பெயரிலேயே இருக்கட்டும்.

எட்டாம் படி: வீட்டுக்குள்ளே

பெண்ணின் கையில் காசு வரத் தொடங்கியதும் சில வீடுகளில் சண்டை கூடும். இதை எதிர்பார்த்தே தொடங்குங்கள். கணவரையும் மாமியாரையும் ஆரம்பத்திலேயே கூப்பிட்டுக் கதைத்தால் பாதி குறையும். அடி உதை என்று வந்தால் “பொறுத்துப் போங்கோ” என்று ஒருநாளும் சொல்லாதீர்கள். பெண்கள் உதவி இலக்கம் 1938, பிள்ளைகளுக்கு 1929, உடனடி ஆபத்துக்கு 119. பெரிய அரச வைத்தியசாலைகளில் நட்பு நிலையம் என்று ஒரு அறை இருக்கும், அங்கே சொல்வது இரகசியமாக இருக்கும். 2005இன் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம், சட்ட உதவி ஆணைக்குழு வசதியில்லாதவர்களுக்கு வழக்கறிஞரை ஒழுங்கு செய்து தரும். இந்த இலக்கங்களைத் தாளில் எழுதிக் கொடுக்காதீர்கள், யாராவது கண்டால் ஆபத்து. மனப்பாடம் ஆகும் வரை சொல்லிக் கொடுங்கள்.

ஒன்பதாம் படி: கையை எடுப்பது

ஒரு வருடம் முடிந்ததும் எத்தனை பேர் பயிற்சி முடித்தார்கள் என்று எண்ணாதீர்கள். ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, கடதாசிப் பை நிறைந்ததா, ஹீமோகுளோபின் எத்தனை, லோன் கொப்பி எத்தனை குறைந்தது, சொந்தக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது, பிள்ளை பாடசாலைக்குப் போகிறதா என்று எழுதுங்கள். பக்கம் வெறுமையாக இருக்கும் பெண்ணின் வீட்டுக்குத் திரும்பப் போங்கள், அவருக்கு முதலாம் படியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

மற்றப் பெண்களிடமே கொப்பியை ஒப்படையுங்கள். அந்த மூதூர்ப் பக்கத்து மண்டபத்தின் திறப்பு இப்போது, முன்பு மயங்கி விழுந்த தங்கச்சியிடம் இருக்கிறது. போன கிழமை நான் போனபோது மெஷின் நாலு ஓடிக்கொண்டிருந்தது, ஒன்றுக்கு பெல்ட் அறுந்திருந்தது, ஆறாவதைப் பள்ளிச் சீருடை தைக்க ஒருவர் வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தார். கொண்டுபோன திகதியும் கையெழுத்தும் கொப்பியில் இருந்தன.